மோரோவிண்ட்ல நாம யாருமே இல்ல

2002ல வந்த கேமை இப்பப் போய் முதல் தடவையா விளையாடிட்டு அதைப் பத்தி இவ்ளோ நீளமா எழுதுறான் பாரு ஒருத்தன்னு நீங்க நெனைக்கிறது புரியுது. ஆனா எனக்கு வேற வழி இல்ல, வீட்ல யார்கிட்ட பேசினாலும் எழுந்து போயிடுறாங்க. கேம் பேரு மோரோவிண்ட், எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில மூணாவது. அதுக்கப்புறம் 2006ல ஒப்லிவியன், 2011ல ஸ்கைரிம். ஸ்கைரிமை நான் அக்குவேறு ஆணிவேறா விளையாடியாச்சு, அதுல எந்தக் குகையில எந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என் லேப்டாப்ல கிராபிக்ஸ் கார்டு கிடையாது, புது கேம் எதுவும் ஓடாது, சரி பழசையாவது பாப்போம்னு ஆஃபர்ல மோரோவிண்டை வாங்கி ஓப்பன்எம்டபிள்யூல போட்டேன். அது என்னன்னா, ஆர்வலர்கள் சேர்ந்து அந்த கேமோட எஞ்சினை அடியிலேர்ந்து புதுசா எழுதி இலவசமா விட்டிருக்காங்க, ஒரிஜினல் கேம் ஃபைல் மட்டும் நம்மகிட்ட இருக்கணும். லினக்ஸ்லயும் ஓடுது, பழைய டப்பா லேப்டாப்லயும் வெண்ணெய் மாதிரி ஓடுது.

ஸ்கைரிம் ஆரம்பிக்கிறது ஞாபகம் இருக்கா? தலையை வெட்டக் கூட்டிட்டுப் போவாங்க, டிராகன் வந்து குழப்பி விடும், நாம தப்பிச்சு நாலு ஊர் சுத்துறதுக்குள்ள நீதான்யா டிராகன்பார்ன், உனக்காகத்தான் காத்துட்டிருந்தோம்னு மலை உச்சியிலேர்ந்து பெருசுங்க கத்தும். மோரோவிண்ட்ல அப்படி ஒண்ணுமே கிடையாது. ஒரு கப்பலோட அடித்தட்டுல நாம கைதி. பக்கத்துல கண்ணுக்குக் குறுக்கால தழும்போட ஜியுப்னு ஒரு டார்க் எல்ஃப், இவன்தான் நம்மள எழுப்பி பேரு என்னன்னு கேக்குறான். பேரை டைப் பண்றோம். காவலாளி வந்து மேல கூட்டிட்டுப் போறான், படகுத் துறையில ஒருத்தன் எந்த இனம்னு கேட்டு எழுதிக்கிறான், அங்கேர்ந்து கணக்கெடுப்பு வரி ஆபீஸ். ஆமா, ஃபேன்டஸி கேம்ல நாம மொத மொதல்ல நுழையிற கட்டடம் வரி ஆபீஸ். நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரியே ஒரு டேபிள்ல பேப்பர் வாங்கி அடுத்த ஆள்கிட்ட கொண்டு போய்க் காட்டணும், அப்புறம்தான் வெளிய விடுவாங்க.

அங்க சோசுசியஸ் எர்கல்லான்னு ஒரு பெரியவர் உக்காந்திருக்கார். நீ என்ன தொழில்காரன்னு கேப்பார், லிஸ்ட்லேர்ந்து ஒண்ணை எடுக்கலாம், இல்ல நாமளே உருவாக்கலாம், இல்ல அவர் கேக்குற 10 கேள்விக்குப் பதில் சொன்னா அவரே பாத்து ஒண்ணு சொல்லுவார். நான் கேள்வியே கேளுங்க சாமின்னு விட்டுட்டேன். ஒரு கேள்வி, வேட்டைக்காரன் வெச்ச பொறியில ஒரு பிராணி கால் மாட்டி ரத்தம் போயிட்டிருக்கு, பொழைக்காதுன்னு தெரியுது, கத்தியால சீக்கிரம் முடிச்சு விடுவியா, மூலிகை குடுத்துத் தூங்க வெப்பியா, எதுலயும் தலையிடாம அந்தப் பிராணியைக் கவனிச்சுப் பாத்துட்டிருப்பியா. மூணுமே நியாயமாத்தான் தோணுது. எல்லாம் முடிஞ்சு நீ ஒரு ஏஜென்ட்னு சொன்னார், அதாவது பேச்சுத் திறமை, பதுங்குறது, குதிக்கிறது, குட்டைக் கத்தி, லேசான கவசம். இனம் பிரெட்டன் எடுத்தேன், மந்திரத்தைப் பாதிக்குப் பாதி தாங்கிக்குமாம். கடைசி மேசையில ஒரு அதிகாரி, 87 காசும் ஒரு பொட்டலமும் குடுத்து, பால்மோரான்னு ஒரு ஊர்ல கையஸ் கோசேடஸ்னு ஒருத்தர் இருப்பார், அவர்கிட்ட குடுத்துடுன்னார். அவ்ளோதான், கதவைத் திறந்து விட்டாங்க.

வெளிய வந்தா சேடா நீன். ஊருன்னா பெரிய ஊரெல்லாம் இல்ல, சதுப்பு நிலத்துல ஒரு கலங்கரை விளக்கம், ஒரு கடை, கொஞ்சம் கல்லு வீடு, தண்ணி ஓரமா கொஞ்சம் குடிசை. மரத்தை விட உசரமா காளான். தூரத்துல எங்கயோ ஒரு ஜந்து ஓலமிடுது, அது வண்டின்னு அப்புறம்தான் தெரியும். யாராவது ஓடி வந்து உலகத்தைக் காப்பாத்துங்கன்னு சொல்லுவாங்கன்னு நானும் நின்னு பாத்தேன், ஃபார்கோத்னு ஒரு குட்டி எல்ஃப் மட்டும் வந்து, என் மோதிரத்தைக் காணோம், அந்த ஆபீஸ் ஆளுங்கதான் புடுங்கிட்டாங்க, பாத்தீங்களான்னு கேட்டான். அந்த மோதிரம் அப்ப என் பாக்கெட்லதான் இருந்துச்சு, ஆபீஸ் முற்றத்துல ஒரு பீப்பாய்க்குள்ள கெடந்ததை எடுத்து வெச்சிருந்தேன். குடுத்தா அவனும் சந்தோஷம், கடைக்காரர் அரில் அவனுக்கு வேண்டியவர், அவரும் நம்மகிட்ட நல்லா நடந்துக்குவார். இதே ஃபார்கோத் எங்கயோ காசு ஒளிச்சு வெச்சிருக்கான், ராத்திரி கலங்கரை விளக்கத்து மேலேர்ந்து வேவு பாருன்னு கடை மாடியில ஒரு வீரன் கேப்பான். பாத்தேன். நடு ராத்திரி கையில பந்தம் புடிச்சுக்கிட்டு இங்கயும் அங்கயும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்து, சேத்துத் தண்ணியில இருக்குற ஒரு மரக்கட்டை பக்கத்துல போய் நிக்கிறான் பாவம். இதெல்லாம்தான் இந்த கேம்ல ஆரம்ப சாகசம்.

சண்டையைப் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா முக்கால்வாசி பேர் இந்த கேமை இங்கதான் விட்டுட்டு ஓடுறாங்க. தண்ணி ஓரமா ஒரு நண்டு, நான் கத்தியால குத்துறேன், கத்தி நண்டுக்குள்ள போயிட்டு வர்றது கண்ணுக்குத் தெரியுது, ஆனா அடி படலன்னு கேம் சொல்லுது. மறுபடி குத்துறேன், படல. நண்டு என்னைக் கடிக்குது, அது மட்டும் கரெக்டா படுது! விஷயம் என்னன்னா இது பார்வைக்குத்தான் ஆக்‌ஷன் கேம், உள்ளுக்குள்ள பகடை உருட்டுது. ஆயுதத் திறமையோட சுறுசுறுப்புல அஞ்சுல ஒரு பங்கு, அதிர்ஷ்டத்துல பத்துல ஒரு பங்கு கூட்டி, அதை களைப்போட பெருக்கும். கீழ ஒரு பச்சைக் கோடு இருக்கு பாருங்க, அதான் களைப்பு, நெறஞ்சிருந்தா தெம்பா இருக்கோம்னு அர்த்தம். அது முழுசா இருந்தா 1.25ஆல பெருக்கும், காலியா இருந்தா 0.75ஆல. என் கணக்கு 35, 8, 4, மொத்தம் 47. பச்சைக் கோடு நெறஞ்சிருந்தா நூத்துக்கு கிட்டத்தட்ட 59 அடி படும், காலியா இருந்தா 35தான், அதுலயும் எதிராளி விலகுறதுக்கு இன்னும் கழியும். ஓடினா பச்சைக் கோடு கொறையும். நாம என்ன பண்ணுவோம், ஸ்கைரிம் பழக்கத்துல ஓடிப் போய் ஓடிப் போய் வெட்டுவோம், மூச்சு வாங்கிக்கிட்டு காத்துல வீசிட்டிருப்போம். இதைத் தெரிஞ்சுக்கிட்டு நடந்து போய், நின்னு, நிதானமா அடிச்சா அதே நண்டு ரெண்டு நிமிஷத்துல காலி. இந்தக் களைப்பு மந்திரம் போடுறதுலயும் கை வெக்குது, கடையில பேரம் பேசுறதுலயும் கை வெக்குது. மூச்சு வாங்கிட்டு வந்து நின்னா கடைக்காரன் நல்ல விலை குடுக்க மாட்டான், இதை யோசிச்சவனுக்கு ஒரு கும்பிடு.

சேடா நீன்ல என்னைக் கட்டிப் போட்டது வரி வசூல்காரன் விவகாரம். ஊருக்கு வெளிய சதுப்புல சும்மா சுத்திட்டிருந்தேன், ஒரு ஆள் செத்துக் கெடக்கான். யாரும் போய்த் தேடுன்னு சொல்லல, மேப்ல புள்ளி இல்ல, நானா கால் தடுக்கி விழாத குறையா கண்டுபுடிச்சேன். பேரு புரோசஸ் விட்டெல்லியஸ், மடியில 200 காசு, கூடவே ஊர்ல யார் யார் எவ்ளோ வரி கட்டியிருக்காங்கன்னு ஒரு பட்டியல். அந்தப் பட்டியலைப் படிச்சா கொஞ்ச நேரம் முன்னாடி நாம பேசின ஆளுங்க பேரெல்லாம் இருக்கு, கடைக்காரர் பேரு, ஃபார்கோத் பேரு. காசை நாமளே வெச்சுக்கலாம், கேக்குறதுக்கு ஆள் இல்ல. நான் ஆபீஸ்ல அந்தப் பெரியவர்கிட்டயே போய்ச் சொன்னேன். மொதல்ல அவர் கேட்டது காசு எங்கன்னுதான், ஆள் செத்தது ரெண்டாவது! அப்புறம் கொன்னது யார்னு கண்டுபுடின்னார். கலங்கரை விளக்கத்துல இருக்குற பொம்பளைக்கும் செத்தவனுக்கும் பழக்கம், அது நெஜமாவே ஒடஞ்சு போயிருக்கு, நல்ல மனுஷன்னு சொல்லுது. தண்ணி ஓரக் குடிசையில ஃபோரின் கில்னித்னு ஒருத்தன், கேட்ட ஒடனே ஆமா நான்தான் கொன்னேன்ங்கிறான். ஏழைங்ககிட்ட கூடுதலா புடுங்கி அவன் பையில போட்டுக்கிட்டான், அவனுக்கு இது வேணும்கிறான்.

இப்ப நான் யாரை நம்புறது? அந்தப் பொம்பளை சொல்றதையா, இவன் சொல்றதையா? பட்டியல்ல கணக்கு இருக்கே தவிர திருட்டு இருந்துச்சான்னு கண்டுபுடிக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்ல. ஸ்கைரிமா இருந்தா எங்கயோ ஒரு டைரி கெடைச்சு, இவன் கெட்டவன் அவன் நல்லவன்னு பட்டுனு முடிச்சு வெச்சிடும். இங்க அப்படி ஒண்ணும் கெடைக்கல, நான் அவன் குடிசையில நின்னுக்கிட்டு ஸ்கிரீனையே பாத்துட்டிருந்தேன். கடைசியில விட்டுட்டேன், போய்த் தொலைன்னு. சரியா தப்பான்னு கேம் இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. கலங்கரை விளக்கம் பக்கம் போறதை மட்டும் நான் தவிர்த்துட்டு வர்றேன், ஒரு பிக்சல் பொம்மை மூஞ்சியில முழிக்கக் கூச்சமா இருக்கு.

அப்புறம் பால்மோரா. போறதுக்கு வண்டி இருக்கு, சில்ட் ஸ்ட்ரைடர்னு சொல்றாங்க, ஒத்தைக் காலை வெச்சாலே ஒரு வீடு நசுங்கிடும்கிற அளவுக்கு ஒரு பூச்சி, அதோட முதுகு ஓட்டைக் கொடஞ்சு உக்கார எடம் பண்ணி, ஓட்டுறவன் அதோட உள்ளுறுப்பை நேரா கையால அழுத்தி அழுத்தி ஓட்டுவானாம். ஊர் பூரா கேக்குற ஓலம் இதோடதுதான். காசு குடுத்தா நேரா கொண்டு போய் விட்டுடும். நான் நடந்தே போறேன்னு கெளம்பினேன், ரோட்டுல கொஞ்ச தூரம் போறதுக்குள்ள தலைக்கு மேல ஆ-ன்னு ஒரு அலறல், மேல பாத்தா நீலத் துணி போட்ட ஒரு மந்திரவாதி வானத்துலேர்ந்து விழுறான், என் முன்னாடி தொப்புனு. செத்துட்டான். பேரு டார்ஹியல். அவன் டைரியை எடுத்துப் படிச்சா, நான் கண்டுபுடிச்ச மந்திரத்தைப் பாத்து ஊரே வாயைப் பொளக்கப் போகுதுன்னு பெருமையா எழுதி வெச்சிருக்கான், பக்கத்துல அந்த மந்திரச் சுருள் 3. தாவுற திறமையை 1000 ஏத்துது, 7 செகண்டுக்கு. மனுஷன் மேல போறதுக்கு வழி கண்டுபுடிச்சான், கீழ வர்றதுக்கு யோசிக்கல.

நானும் ஒண்ணைப் படிச்சுக் குதிச்சேன், விடுவோமா. ஊரு, கடலு, காளான் காடு எல்லாம் காலுக்குக் கீழ ஓடுது, லேப்டாப் லோட் பண்ண முடியாம மூச்சுத் திணறுது. ரகசியம் என்னன்னா தரையைத் தொடுறதுக்கு முன்னாடி இன்னொரு சுருளைப் படிச்சிடணும், தாவுற திறமை அவ்ளோ இருந்தா விழுந்தாலும் அடி படாது. அப்படிப் பாத்தா 3 சுருள்னா ஒரு தடவை போய் எறங்கிட்டு, மூணாவதை வெச்சுக்கிட்டு யோசிச்சிட்டே இருக்கணும். இந்த மாதிரி கதையையே ஒடைக்கிற ஒரு சாமானை, ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல, எந்த எச்சரிக்கையும் இல்லாம கையில குடுத்து, உன் உசிரு உன் பாடுன்னு விடுறான் பாருங்க, அந்த இடத்துல எனக்கு இந்த கேம் மேல மரியாதை வந்துடுச்சு.

நடந்தேன். ரோட்டுல கை காட்டி மரங்கள் இருக்கு, பக்கத்துல போய்ப் பாத்தா ஊர் பேரு தெரியும். வடக்கால போனா பெலாஜியாட், சின்னக் கோட்டையும் ஓட்டு வீடுமா ராஜாங்கத்துக்காரங்க கட்டின ஊரு, அதைத் தாண்டி இன்னும் மேல போய் மூன்மாத் கோட்டை, அங்கேர்ந்து மேக்கால ஆறு குறுக்க வந்தா பால்மோரா. ஆரம்பத்துல நம்ம நடை ஆமை நடை. கடுப்பா இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா அந்த வேகத்துல போனதாலதான் சதுப்பு எந்த இடத்துல முடியுது, புல்லு எங்க ஆரம்பிக்குது, எந்தத் திருப்பத்துல சாம்பல் நெறத்துல பாறை வருதுன்னு மனசுல ஒட்டிக்கிச்சு. ஓப்பன்எம்டபிள்யூல பார்வை தூரத்தை இஷ்டத்துக்கு ஏத்திக்கலாம், நான் ஏத்திப் பாத்தேன், பக்கத்துப் பக்கத்துல ஊரெல்லாம் தெரிஞ்சு, அட இந்தத் தீவு இவ்ளோதானான்னு ஆயிடுச்சு, ஒடனே பழையபடி பனிமூட்டத்தைப் போட்டுட்டேன். அன்னிக்கு கம்ப்யூட்டருக்கு சக்தி பத்தலன்னு போட்ட மூட்டம், ஆனா அதுதான் தீவைப் பெருசாக் காட்டுது. எக்ஸ்பாக்ஸ்ல இன்னும் கூத்து, மெமரி பத்தாம லோடிங் ஸ்கிரீன் ஓடும்போது மெஷினையே சத்தம் இல்லாம ரீபூட் பண்ணுவோம்னு இந்த கேமை உருவாக்கின குழுவோட தலைவர் டாட் ஹோவர்டே பிற்பாடு ஒரு பேட்டியில சொல்லியிருக்கார்.

பால்மோராவுல கையஸ் கோசேடஸைக் கண்டுபுடிக்கவும் விசாரிக்கணும். சௌத் வால்னு ஒரு சாராயக்கடை, அங்க கேட்டா வீட்டைச் சொல்லுவாங்க. கதவைத் திறந்தா சட்டை போடாத ஒரு கெழவர், ஒத்த ரூமு, கட்டிலு, பக்கத்துல போதைக் குழாய். இவர்தான் சக்கரவர்த்தியோட ஒற்றர்களுக்கு இங்க தலைவராம்! பொட்டலத்தை வாங்கிப் படிச்சிட்டு, உன்னைப் பாத்தா ஒண்ணும் தெரியாத ஆளா இருக்க, இந்தா 200 காசு, போய் ஏதாவது சங்கத்துல சேரு, நாலு வேலை பாரு, அடி ஒதை பழகு, அப்புறம் வாங்கிறார். மெயின் கதையோட மொத வேலையே போய் வேற வேலை பாருங்கிறதுதான். எனக்கு சிரிப்பு தாங்கல. உலகம் அழியப் போகுது சீக்கிரம் வான்னு கூப்பிட்டுட்டு நம்மள பூ பறிக்க விடுற கேமுங்களுக்கு நடுவுல, இது நேர்மையா சொல்லுது, ஊரைச் சுத்திட்டு வாடான்னு.

அதுக்கப்புறம் வர்ற வேலைதான் நான் இந்தப் பதிவு எழுதவே காரணம். சண்டைக்காரங்க சங்கத்துல ஹாஸ்பட் ஆன்டபோலிஸ்னு ஒருத்தர், அவருக்கு ஆர்க்ங்தாண்ட்ங்கிற பாழடைஞ்ச இடத்துலேர்ந்து ஒரு புதிர்ப் பெட்டி வேணும். எப்படிப் போறதுன்னு கேட்டா வாயால சொல்றார், தெக்கால ஊரை விட்டு வெளிய போ, ஆத்தைத் தாண்டு, கெழக்கால மோலாக் மார்னு போட்ட கை காட்டியைப் புடிச்சுக்கிட்டு கோட்டையைத் தாண்டு, வடகெழக்குல ஒரு பள்ளத்தாக்குக்குக் குறுக்க பழைய கல்லுப் பாலம் இருக்கும், அதைக் கடந்து மேல ஏறினா இடிபாடு தெரியும், கதவைத் தேடாத, வெளிய ஒரு குழாயில கைப்பிடி இருக்கும் அதைத் திருப்பு. அவ்ளோதான். மேப்ல ஒரு புள்ளியும் விழாது. நான் இதை கரண்ட் பில்லுக்குப் பின்னாடி எழுதிட்டிருந்தேன், லீவுக்கு வந்திருந்த அக்கா பையன் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தான்.

"மாமா, அம்புக்குறி எங்க?"

"இதுல அதெல்லாம் கிடையாதுடா."

"அப்ப வழி எப்படித் தெரியும்?"

"அவர்தான் சொன்னாருல்ல."

"அவரு சொன்னது தப்பா இருந்தா?"

நல்ல கேள்விதான், ஏன்னா இந்த கேம்ல சில பேர் சொல்ற வழி கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்னு விளையாடினவங்க எல்லாருக்கும் தெரியும். அவன் கையில அந்த பில்லைக் குடுத்து நீ படிடா நான் நடக்குறேன்னேன். கோட்டை வந்தாச்சா மாமா, வந்தாச்சு, அப்ப இனிமே வடகெழக்கு. பாலம் வந்தப்ப அவன் கத்தின கத்துல அக்கா கிச்சன்லேர்ந்து ஓடி வந்துட்டா. நெருப்புக் கொழம்பு ஓடிக் காஞ்ச சாம்பல் பள்ளத்துக்கு மேல, எந்தக் காலத்துலயோ மறைஞ்சு போன டுவெமர் ஜனங்க கட்டின பாலம், சாயங்கால வெளிச்சத்துல நின்னுட்டிருந்துச்சு. பாலத்தைத் தாண்டி இடது கைப் பக்கம் சரிவுல ஏறி, கைப்பிடியைத் திருப்பினதும் மலையில ஒட்டியிருந்த உருண்டையான பெரிய கதவு கரகரன்னு திறந்துச்சு. உள்ள பித்தளைக் குழாயும் நீராவியும் நாலு திருடனும். பெட்டியைக் கண்டுபுடிக்கத்தான் தாவு தீந்துடுச்சு, கையளவு சாமான், ஒரு ரூம்ல தட்டு மேல ஓரமா உக்காந்திருக்கு, மின்னாது, கூப்பிடாது. பையன்தான் பாத்தான், மாமா அது என்னன்னு. இன்டர்நெட்ல தேடிப் பாத்தா உலகம் பூரா ஜனங்க இந்தப் பெட்டியைத் தேடி மண்டை காஞ்சிருக்காங்க.

ஏன் இப்படி பண்ணியிருக்காங்கன்னு யோசிச்சுப் பாத்தா, எனக்குத் தோணுறது இதுதான். இதுக்கு முந்தின டாகர்ஃபால் 1996ல வந்துச்சு, அது மாபெரும் நிலப்பரப்பு, ஆனா முக்கால்வாசி கம்ப்யூட்டர் தானா கொட்டி வெச்சது, எந்த ஊரும் எந்த ஊரு மாதிரியும் இருக்கும். மோரோவிண்ட்ல தீவைச் சுருக்கி ஒவ்வொரு பாறையையும் பீப்பாயையும் கையால வெச்சாங்க, அப்ப வெச்ச இடத்தை ஒருத்தன் வாயால சொல்ல முடியும். இன்னொண்ணு, இங்க குரல் பதிவு கம்மி, பாதைல போறப்ப ரெண்டு வார்த்தை முறைச்சுட்டுப் போவாங்களே தவிர உரையாடல் மொத்தமும் எழுத்துதான். எழுத்துன்னா எவ்ளோ நீளமா வேணா வழி சொல்லலாம். ஒப்லிவியன்ல எல்லாத்துக்கும் குரல் குடுத்தாங்க, பேச்சு சுருங்குச்சு, திசைகாட்டியில அம்புக்குறி வந்துச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டுன்னுதான் நான் நெனைக்கிறேன். அம்புக்குறி வந்த ஒடனே நாம அந்த அம்பைத்தான் பாப்போம், ரோட்டைப் பாக்க மாட்டோம். ஸ்கைரிம்ல அவ்ளோ சுத்தின எனக்கு, வைட்ரன்லேர்ந்து ரிஃப்டனுக்கு எப்படிப் போறதுன்னு யாராவது கேட்டா வாயால சொல்லத் தெரியாது. சேடா நீன்லேர்ந்து ஆர்க்ங்தாண்டுக்கு சொல்லுவேன், கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவேன்.

வேகப் பயணமும் கிடையாது, மேப்ல அழுத்தினா போயிடலாம்கிற கதையெல்லாம் இல்ல. பூச்சி வண்டி சில ஊருக்கு, படகு சில ஊருக்கு, மந்திரவாதிங்க சங்கத்துல காசு குடுத்தா இன்னொரு கிளைக்குத் தூக்கிப் போடுவாங்க, இதையெல்லாம் மாத்தி மாத்திப் புடிச்சுப் போகணும். மார்க், ரீகால்னு ரெண்டு மந்திரம், ஒரு இடத்துல அடையாளம் போட்டுட்டு எங்கேர்ந்து வேணா அங்க திரும்பலாம், ஆனா ஒரே ஒரு அடையாளம்தான். அதை எங்க போடுறதுன்னு நான் யோசிக்கிற யோசனை, சொந்த வீடு வாங்கக்கூட யோசிப்பேனான்னு தெரியல.

குறை இல்லாம இல்ல. டைரி இருக்கே, அது தேதி வாரியா எழுதிக்கிட்டே போகும், எந்த வேலை முடிஞ்சது எது பாக்கின்னு அதுல தேடுறதுக்குள்ள விடிஞ்சிடும். முகம் எல்லாம் மரக்கட்டை. கிளிஃப் ரேசர்னு ஒரு பறக்குற சனியன், வாலு நீட்டமா, கீச்சுக் குரலோட எங்கேர்ந்தோ வரும், ஒண்ணைக் கொன்னா பின்னாலயே இன்னொண்ணு, தூங்க விடாது, பேச விடாது. அந்தத் தொல்லை தாங்காம ரசிகருங்க எவ்ளோ பொலம்பினாங்கன்னா, பிற்பாடு வந்த கேம்ல கதையிலயே ஒரு வரி சேத்துட்டாங்க, புனித ஜியுப்ங்கிற மகான் வார்டன்ஃபெல்லேர்ந்து, அதாவது இந்த கேம் நடக்குற தீவுலேர்ந்து, கிளிஃப் ரேசரையெல்லாம் விரட்டி அடிச்சார்னு. அந்த ஜியுப் யாருன்னா, கப்பல்ல நம்மள எழுப்பி பேரு கேட்டானே, அவனேதான். ஸ்கைரிமுக்கு அப்புறமா வந்த டான்கார்டுங்கிற கூடுதல் பகுதியில அவனோட ஆவியை நான் சந்திச்சிருக்கேன், சாதிச்சதை எழுதின பக்கமெல்லாம் காணாமப் போச்சு தேடிக் குடுன்னு கேப்பான், அப்ப இவன் யாரு எதுக்கு இவ்ளோ பில்டப்புன்னு புரியாம தாண்டிப் போயிட்டேன்.

இன்னொரு விஷயம் சொல்லாம விட முடியல. சேடா நீனுக்கு வெளிய பாலத்தைத் தாண்டினதும் அடமசார்டஸ்னு ஒரு குகை. திருடனுங்கதான் இருப்பாங்கன்னு நுழைஞ்சா, உள்ள கம்பிக் கதவுக்குப் பின்னாடி பூனை மூஞ்சிக்காரங்களும் பல்லி மூஞ்சிக்காரங்களும், கையில அடிமைக் காப்பு. இந்த நாட்டுல அடிமை முறை சட்டப்படி செல்லும், ராஜாங்கமே கண்டுக்காது. சாவியை ஒரு கடத்தல்காரி கிட்டேர்ந்து எடுத்துத் திறந்து விட்டேன், நன்றி சொல்லிட்டு நின்ன இடத்துலயே நின்னாங்க, எங்க போவாங்க? வெளிய இருக்குற உலகமும் அதேதானே. நம்மளையே ஊர்க்காரங்க மூஞ்சிக்கு நேரா வெளியூர்க்காரன்னு சொல்லி நாலு வசவு வைவாங்க, அதுவும் இந்த ஊர்க்காரங்க இனமான டார்க் எல்ஃபாவே பொறந்து வந்தாலும் வெளியூர்க்காரன்தான். கதைப்படி கடைசியில நாம தீர்க்கதரிசனத்துல சொன்ன ஆளா ஆகலாம், அது எனக்குத் தெரியும், கெடுத்து வெச்ச இன்டர்நெட் எல்லாத்தையும் சொல்லிடுச்சு. ஆனா அந்த இடத்துக்குப் போறதுக்குள்ள இவங்க நம்மள மதிக்க வெக்கணும், ஒவ்வொரு ஊரா, ஒவ்வொரு ஆளா. யாரையாவது கோவத்துல போட்டுத் தள்ளினா, கதைக்கு முக்கியமான ஆளா இருந்தாக்கூட சாவாங்க. விதியோட இழை அறுந்துடுச்சு, பழைய சேவ் ஃபைலை லோட் பண்ணிக்க, இல்ல நீயே கெடுத்த இந்த உலகத்துலயே இருந்துக்கன்னு ஒரு அறிவிப்பு வருமாம். ஸ்கைரிம்ல முக்கியமான ஆளை வெட்டினா முட்டி போட்டு எழுந்திருச்சு மறுபடி வருவான்.

இப்ப நான் எங்க இருக்கேன்னா, கையஸ் குடுத்த அடுத்த வேலையை அப்படியே வெச்சிட்டு மந்திரவாதிங்க சங்கத்துக்குக் காளான் பறிச்சுக் குடுத்துட்டிருக்கேன். நடுவுல கால்டெராவுலேர்ந்து நார் மோக் போற ரோட்டுல பெமனின்னு ஒரு பொம்பளை, தொணைக்கு வா, பூட்ஸ் தர்றேன்னுச்சு. மாயப் பூட்ஸ், வேகம் 200 ஏறும், ஆனா போட்டா கண்ணு தெரியாது, ஸ்கிரீன் மொத்தமும் இருட்டு. பிரெட்டனா இருக்குறதால எனக்குப் பாதி இருட்டுதான். அந்த அரைக்கண் பார்வையோட தீவைக் குறுக்க ஓடிட்டிருக்கேன், ஆமை நடையெல்லாம் போயே போச்சு, மரத்துல முட்டுறேன், கடல்ல விழுறேன், கிளிஃப் ரேசரால என்னைப் புடிக்க முடியல. அடுத்து கெழக்கால டெல்வானி மந்திரவாதிங்க இருக்குற பக்கம் போகணும், அவங்க வீடெல்லாம் காளானையே கோபுரமா வளத்து வெச்சது, மேல போக படிக்கட்டு கிடையாது, பறக்கத் தெரியாதவன்கிட்ட எங்களுக்கு என்ன பேச்சுங்கிற திமிரு. பறக்குற மருந்துக்கு காசு சேத்துட்டிருக்கேன். டார்ஹியலோட மூணாவது சுருள் இன்னும் பையில இருக்கு, அதை வெச்சே ஏறிடலாமான்னு அக்கா பையன் போன் பண்ணி கேக்குறான், நானும் யோசிச்சிட்டுத்தான் இருக்கேன்.